பிஎச்.டி. இன்டர்வியூவில் பயோஹைட்ரஜன்: 24-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள்

லிஸ்ட் வந்துவிட்டது, என் பெயர் இருக்கிறது. இன்னும் நெஞ்சு படபடப்பு அடங்கவில்லை. எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டில் ஈ. கோலை பாக்டீரியாவை வைத்து ஹைட்ரஜன் எடுத்துவிட்டு, அதையே போர்டு முன்னால் சொல்லப் போகிறவர்களுக்காகச் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

ஜீன் பெயர்களை வரிசையாக ஒப்பிக்காதீர்கள். 2007-08 வாக்கில் மயேடா, உட் என்ற ஆராய்ச்சியாளர்கள் ஹைட்ரஜனைக் கூட்ட டெக்சாஸில் செய்த நாக்அவுட்கள் (ஈ. கோலையின் ஜீன்களை நீக்குவது) போர்டில் உட்காருபவர்களுக்கு அத்துப்படி. எதை நீக்கினார்கள் என்று கேட்க மாட்டார்கள், ஏன் என்றுதான் கேட்பார்கள். என்னிடம் ஒரு மேடம் கேட்டது இது: "லாக்டேட்டை அடைச்சாச்சு, சக்சினேட்டை அடைச்சாச்சு. எத்தனாலை மட்டும் ஏன் விட்டு வெச்சீங்க?"

எழுந்து போய் பலகையில் 24 என்று எழுதினேன். ஒரு குளுக்கோஸில் இருக்கும் எலக்ட்ரான் கணக்கு அது. அதிலிருந்து செல் உருவாக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் மூலக்கூறுக்கு இவ்வளவு எடுத்துக்கொள்ளும்: லாக்டேட் 12, எத்தனால் 12, அசிட்டேட் 8, பியூட்டிரேட் 20, ஃபார்மேட் 2, ஹைட்ரஜன் 2. மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

- இரண்டு லாக்டேட்: 24-ம் காலி. ஹைட்ரஜனுக்கு ஒன்றும் மிஞ்சாது.
- ஒரு எத்தனால், ஒரு அசிட்டேட்: 20 போக மிச்சம் 4. அதாவது 2 ஹைட்ரஜன், ஃபார்மேட் வழியாக. ஈ. கோலையின் உச்சவரம்பு இதுதான்.
- கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவில் இரண்டு அசிட்டேட்: மிச்சம் 8, அதாவது 4 ஹைட்ரஜன். பியூட்டிரேட் பக்கம் போனால் 2 மட்டுமே.

இனி மேடம் கேட்டதற்கு வருவோம். கிளைகாலிசிஸில், அதாவது குளுக்கோஸ் உடையும் முதல் கட்டத்தில், உருவாகும் இரண்டு என்ஏடிஹெச் (எலக்ட்ரானைச் சுமக்கும் மூலக்கூறு) தன் சுமையை எங்காவது இறக்கியாக வேண்டும். ஒரு எத்தனால் உருவாகும்போது இரண்டும் செலவாகிவிடும். ஈ. கோலையில் ஹைட்ரஜனை உருவாக்கும் என்சைம் தொகுதியான ஃபார்மேட் ஹைட்ரஜன் லையேஸ் ஃபார்மேட்டின் எலக்ட்ரானைத்தான் எடுக்கும், என்ஏடிஹெச்சைத் தொடாது. லாக்டேட், சக்சினேட்டோடு எத்தனாலையும் அடைத்தால், காற்றில்லாத குளுக்கோஸ் மீடியத்தில் செல் வளரவே வளராது. எந்த நாக்அவுட்டைச் சொன்னாலும் "என்ஏடிஹெச் எங்கே போகிறது?" என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லாத் தயாரிப்பும் இதற்கு அப்புறம்தான்.

மற்றவை சுருக்கமாக:

- அந்த லையேஸின் இரு பகுதிகளில் ஹைட்ரஜனேஸ்-3க்கு நிக்கல் வேண்டும். ஃபார்மேட் டிஹைட்ரஜனேஸுக்கு மாலிப்டினமும் செலினியமும் வேண்டும். சத்துகளை நாமே அளந்து சேர்க்கும் மினிமல் மீடியம் என்றால் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.
- அந்த லையேஸின் ஜீன்களை எஃப்எச்எல்-ஏ என்ற புரதம் முடுக்கும், எச்ஒய்சி-ஏ என்ற புரதம் அடக்கும். மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.
- கெய்யோ கலெக்‌ஷன் (ஒவ்வொன்றிலும் ஒரு ஜீன் நீக்கப்பட்ட ஈ. கோலைகளின் தொகுப்பு) ஸ்ட்ரெயின் என்றால், நீக்கிய ஜீனின் இடத்தில் இருக்கும் கானாமைசின் காசெட்டை (அந்த ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கவைக்கும் துண்டு) எப்படி எடுத்தீர்கள் என்பார்கள். அதை வெட்டியெடுக்கும் பிசிபி20 பிளாஸ்மிட்டை 30 டிகிரியில் வைத்திருந்து 42-இல் விரட்டியது, அப்புறம் ஒரே காலனியை கானாமைசின் தட்டிலும் சாதா எல்பி தட்டிலும் தொட்டு வைத்தபோது சாதா தட்டில் மட்டும் வளர்ந்தது, இதையெல்லாம் கண்ணால் பார்த்தபடி சொல்லுங்கள். கையால் செய்தவர் யார் என்று அங்கேதான் அவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக, "ஒரு குளுக்கோஸுக்கு நாலு ஹைட்ரஜனைத் தாண்ட முடியுமா?" என்று கேட்பார்கள். இருட்டு நொதித்தலில் மிஞ்சிய இரண்டு அசிட்டேட்டை ரோடோபாக்டர் போன்ற ஊதா பாக்டீரியாவுக்குக் கொடுத்தால், வெளிச்சத்தில் அதன் நைட்ரோஜனேஸ் என்சைம் அவற்றின் 16 எலக்ட்ரானையும் 8 ஹைட்ரஜனாக்கலாம். முன்னால் கிடைத்த 4-ஓடு மொத்தம் 12, குளுக்கோஸின் முழு 24. இது ஏட்டுக் கணக்கு, நிஜத்தில் குறையும் என்பதையும், அம்மோனியம் இருந்தால் நைட்ரோஜனேஸ் அடங்கிவிடும் என்பதையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.