மூன்றடித் தொட்டி

மார்ச் 3, 2024
நல்ல தண்ணீர்த் தொட்டியைக் கடல் தண்ணீர்த் தொட்டியாக மாற்றப் போகிறேன். ஏஞ்சல் மீன் இரண்டையும் சக்கர் மீனையும் கொளத்தூர் மீன் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். சக்கர் ஏழு வருடம் இந்தத் தொட்டியில் இருந்தது. செடிகளும் மரக்கட்டையும் மாடி வீட்டுப் பையனுக்கு. கூடத்தில் மோட்டார் சத்தம் இல்லாத முதல் ராத்திரி, தூக்கமே வரவில்லை.

மார்ச் 5
இரண்டு வருடம் முன்பு வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஒரு நீல மருந்து ஊற்றினேன். அதில் செம்பு இருந்ததா? மீன் ஓரளவு தாங்கும். நத்தையும் இறாலும் தாங்காது. கண்ணாடி ஒட்டிய சிலிக்கானில் செம்பு ஊறிக் கிடந்து மெல்ல மெல்லக் கசியும் என்கிறார்கள். வினிகர் விட்டு மூன்று தடவை கழுவினேன். பழைய மருந்து பாட்டிலை அலமாரி முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

மார்ச் 6
அம்மாவின் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமைதானாம்.

மார்ச் 10
போர் தண்ணீரில் டிடிஎஸ், கரைந்து கிடக்கும் உப்புகளின் அளவு, 900. ஆர்ஓவில் வடிந்து வந்ததில் 40. அதையும் இன்னொரு வடிகட்டிக் குப்பி வழியாக விட்டுப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். 140 லிட்டர் சேர இரண்டு நாள் ஆனது.

அம்மா படுத்தபடியே கேட்டாள், "ஏன்ல, நம்ம ஊரு உப்பு ஆவாதா?" பாவம், தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவள். பாத்தியில் உப்பு விளைவதற்கு முன்பே கால்சியம் ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது, உப்பு விளைந்தபின் மெக்னீசியம் கசப்புத் தண்ணீரோடு போய்விடுகிறது, நம் கைக்கு வருவது அநேகமாகச் சோடியம் குளோரைடு மட்டும்தான் என்று சொன்னேன். "அப்ப கடல்ல பாதிதான் நமக்குக் குடுக்கானா?" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். லிட்டருக்கு 36 கிராம் கணக்கில் பாக்கெட் கடலுப்பு ஐந்து கிலோ கரைத்தேன்.

மார்ச் 11
அடர்த்தி 1.025. ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். திருச்செந்தூர்.

மார்ச் 17
கல் வாங்கப் போனேன். கடையில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "உயிர்க்கல் வேணுமா சார், ராமேஸ்வரம் பக்கத்துச் சரக்கு" என்றார். ஈரச் சாக்கை விலக்கிக் காட்டினார். மூளைப் பவளம், உள்ளங்கை அளவு. இன்னும் நிறம் இருந்தது.

2001இலிருந்து கல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. செத்த துண்டை வைத்திருந்தாலும் குற்றம். ஆனால் நான் திரும்பி வந்தது சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லை. அம்மா பிறந்த வீட்டுச் சுவர் கடல்கல்லில், அதாவது பவளத்தில், எழுப்பியது. சுண்ணாம்பும் அதே கல்லைச் சுட்டு எடுத்ததுதான். சுவரில் பூப்பூவாகத் தெரியுமாம், சின்ன வயதில் விரலால் எண்ணுவாளாம். அப்படி வெட்டி வெட்டித்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போயின. ஏற்கெனவே நம் குடும்பம் எடுத்தது போதும். செராமிக் கல் எட்டு கிலோ வாங்கினேன். பவளம் இல்லாமலே இருக்கட்டும்.

மார்ச் 20
பாக்டீரியா வளர, சொட்டு மருந்துபோல் அமோனியா விட்டேன். அளவு 2 பிபிஎம்.

மார்ச் 27
இன்னும் 2. நல்ல தண்ணீரில் வாழ்ந்த பாக்டீரியா இதில் பிழைக்காது, எல்லாம் முதலிலிருந்து வளர வேண்டும். ஒன்று அமோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று அதை நைட்ரேட்டாக்கும். நான்கு முதல் ஆறு வாரம். தொட்டிக்காரர்கள் இதைச் சைக்கிள் என்கிறார்கள். டாக்டரும் இன்று அதே வார்த்தையைத்தான் சொன்னார், அம்மாவின் சிகிச்சைக்கு மொத்தம் ஆறு சைக்கிள் என்று. வீட்டுக்கு வந்து சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன். பச்சை. அமோனியா தீர்ந்தால் மஞ்சளாக வேண்டும்.

ஏப்ரல் 2
பச்சை.

ஏப்ரல் 5
அமோனியா 0.5! நைட்ரைட் கத்திரிப்பூ நிறம். அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

ஏப்ரல் 9
மதியம் மூன்று மணிக்குத் தொட்டி 31.6 டிகிரி. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் விலை தொட்டியைப் போல் மூன்று மடங்கு. சின்ன விசிறி இரண்டை மேலே மாட்டினேன், 29க்கு இறங்கியது. ஆனால் தினம் மூன்று லிட்டர் ஆவியாகிறது. தண்ணீர்தான் போகும், உப்பு போகாது, அதனால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். பின்பக்கக் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டேன். எங்கே இருந்தாலும் அந்தக் கோடு ஞாபகத்துக்கு வருகிறது, வார்டு வாசலில்கூட.

ஏப்ரல் 16
உலகம் முழுக்கப் பவளப்பாறைகள் வெளுக்கின்றனவாம், இது நான்காவது முறை. அமெரிக்கக் கடல் ஆய்வு நிறுவனம் நேற்று அறிவித்திருக்கிறது. வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல் ஒரு டிகிரி சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் தனக்குள் குடியிருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறமும் போகிறது, சாப்பாடும் போகிறது. உடனே சாவதில்லை, பட்டினியாக வெள்ளையாக நின்றிருக்கும். சூடு குறைந்தால் பாசி திரும்பி வரும்.

இன்று அம்மாவின் தலைமுடியைச் சீப்பிலிருந்து எடுத்து, அவள் பார்ப்பதற்குள் காகிதத்தில் மடித்தேன். என் தொட்டிக்கு இரண்டு விசிறி போதும். கடலுக்கு என்ன செய்வது?

ஏப்ரல் 19
ஓட்டுப் போட்டேன். விரல் மையில் சில்வர் நைட்ரேட், வெள்ளி உப்பு. இடது கையைத் தொட்டிக்குள் விடவில்லை.

ஏப்ரல் 24
மணல் முழுக்கப் பழுப்புத் தூள். டயாட்டம் என்கிற பாசிதான், புதுத் தொட்டியில் வரும், போகும். தெரிந்தும் பயமாக இருந்தது. அக்காவிடம் காரணமில்லாமல் கத்திவிட்டேன்.

ஏப்ரல் 29
அமோனியா 0. நைட்ரைட் 0. நைட்ரேட் 20. குழாயை மூன்று தடவை பார்த்தேன். மஞ்சள்!

மே 5
கோமாளி மீன் ஜோடி வந்தது. கடலில் பிடித்ததல்ல, பொரித்து வளர்த்தது. பெரியது பெண். எல்லாம் ஆணாகவே பிறக்கும், கூட்டத்தில் பெரியது பெண்ணாகும், அது போய்விட்டால் அடுத்தது அந்த இடத்துக்கு வரும். அம்மாவின் நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே போட்டேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். "இது பெரிய மனுஷி மாரில்ல நடக்கு" என்றாள்.

மே 7
புதிதாக விட்ட நத்தை ஒன்று கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்தேன். மறுபடி கவிழ்ந்தது.

மே 8
செம்பு. செம்பாகத்தான் இருக்கும். சோதனைக் குப்பிக்குச் சொல்லியிருக்கிறேன்.

மே 9
நத்தை ஊர்கிறது. குப்பி இன்னும் வரவில்லை. நாளை காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும், இந்தத் தடவை எத்தனை நாள் ஆகும் என்று சொல்லவில்லை. மாடி வீட்டுப் பையனுக்குக் கோட்டைக் காட்டியிருக்கிறேன். உப்புத் தண்ணீர் இல்லைடா, நல்ல தண்ணீர், நீலக் கேனில் இருப்பது.