எஃப்எஃப்எம்பெக் செய்முறைத் தேர்வு: லாக் அளவுகளை எப்படிப் படிப்பது

காணொளித் துறை வேலைகளுக்குத் தயாராகிறவர்கள், கட்டளை வரியில் காணொளிகளை மாற்றவும் சோதிக்கவும் உதவும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளைக் கையில் எடுத்ததும் கோடெக், ஃபில்டர், பிட்ரேட் பக்கம் ஓடிவிடுகிறார்கள். லாக் அளவு, அதாவது ஓடும்போது மென்பொருள் சொல்லும் செய்திகளில் எவ்வளவைக் காட்ட வேண்டும் என்ற சிறிய பகுதியை யாரும் பொருட்படுத்துவதில்லை. நான் எழுதிய செய்முறைத் தேர்வில் அதிலிருந்துதான் பெரிய கேள்வி வந்தது. ஒரு கோப்புறை நிறையக் காணொளிகளும் எஃப்எஃப்எம்பெக்கை ஓட்டி அவற்றைச் சோதிக்கும் ஒரு ஸ்கிரிப்ட்டும் (கட்டளைத் தொகுப்பு) கொடுத்திருந்தார்கள். ஸ்கிரிப்ட் எல்லாக் கோப்புகளும் நலம் என்கிறது. ஓட்டிப் பார்த்தால் சிலவற்றில் படம் சிதறுகிறது. எவை பழுது, ஸ்கிரிப்ட் ஏன் அதைச் சொல்லவில்லை என்று விளக்க வேண்டும்.

முதலில் லாக் அளவுகளின் பெயர்களும் எண்களும். குவைட் (எதையும் காட்டாதது) -8, பேனிக் 0. அதன்பின் எட்டாம் வாய்ப்பாடுதான்: ஃபேட்டல் 8, எரர் 16, வார்னிங் 24, இன்ஃபோ 32, வெர்போஸ் 40, டீபக் 48, ட்ரேஸ் 56. '-லாக்லெவல்' அல்லது அதன் சுருக்கமான '-வி' என்பதற்குப் பின் பெயரையோ எண்ணையோ தரலாம். தந்த எண்ணும் அதற்குக் குறைந்த எண் கொண்டவையும் மட்டுமே திரைக்கு வரும். எதுவும் தராவிட்டால் இன்ஃபோ. நேர்முகத்தில் கேட்டால் சொல்ல இவ்வளவு போதும், செய்முறைக்குப் போதாது.

செய்முறைக்கு நீங்களே கோப்புகளைப் பழுதாக்கிப் பழக வேண்டும். ஒரு சிறிய எம்பி4 கோப்பைப் பிரதி எடுத்து, பின்பாதியை வெட்டிவிடுங்கள். எஃப்எஃப்எம்பெக் எழுதும் எம்பி4 கோப்புகளில், வேறு விதமாகச் சொல்லாவிட்டால், 'மூவ்' என்ற அட்டவணைப் பகுதி கடைசியில்தான் இருக்கும். அது போய்விட்டதால் கோப்பு திறக்காது. 'மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்' என்ற வரி வரும். இதே கட்டளையை ஃபேட்டல் அளவில் ஓட்டுங்கள், அந்த வரி காணாமல் போய்விடும். கோப்பு திறக்காதது மாறவில்லை, காரணம் மட்டும் மறைந்துவிட்டது. எரர், ஃபேட்டல் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கமும் புரியவைக்காது.

அடுத்து இன்னொரு பிரதியின் நடுவில் சில நூறு கிலோபைட்டுகளைச் சுழியங்களால் நிரப்புங்கள். இதுதான் தேர்வுக்கு உரிய பழுது. '-வி எரர்' என்று சொல்லி, வெளியீட்டை 'நல்' வடிவத்துக்கு அனுப்பினால், மென்பொருள் எதையும் சேமிக்காமல் கோப்பு முழுவதையும் டீகோட் செய்து, அதாவது சுருக்கிய தரவைப் படமாகவும் ஒலியாகவும் விரித்துப் பார்க்கும். எச்264 கோடெக்கில் சுருக்கிய காணொளியாக இருந்தால் 'இன்வேலிட் நால் யூனிட் சைஸ்' போன்ற வரிகள் கொட்டும். ஆனால் முடிந்தபின் வெளியேறும் குறியீட்டை (நிரல் முடியும்போது திருப்பித் தரும் எண்) பாருங்கள்: 0, அதாவது வெற்றி! டீகோட் பிழைகளின் விகிதம் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால்தான் எஃப்எஃப்எம்பெக் அதைத் தோல்வியாகக் கணக்கிடும். அந்த வரம்பை மாற்ற 'மேக்ஸ்_எரர்_ரேட்' என்ற தெரிவு இருக்கிறது.

தேர்வில் தந்த ஸ்கிரிப்ட் '-வி குவைட்' போட்டுவிட்டு, வெளியேறும் குறியீட்டை மட்டும் நம்பியிருந்தது. வாயையும் கட்டிவிட்டு, கணக்கும் தாராளமாக இருந்தால் எந்தப் பழுது வெளியே தெரியும்? அளவை எரருக்கு மாற்றி, லாக் வெறுமையாக இருக்கிறதா என்று பார்ப்பதே விடை. என்னைக் கேட்டால், குவைட்டை ஸ்கிரிப்டில் எழுதவே தேவையில்லை. திரை அமைதியாக இருக்க வேண்டும் என்றால் எரர் போதும்; நல்ல கோப்புக்கு அதுவும் ஒன்றும் சொல்லாது.

லாக்கைக் கோப்பில் பிடிக்கும்போது கவனம் தேவை. எல்லாச் செய்திகளும் எஸ்டிடிஎரர் (பிழைச் செய்திகளுக்கான வெளியீடு) வழியாகப் போகின்றன, ஏனென்றால் எஸ்டிடிஅவுட் (வழக்கமான வெளியீடு) வழியாகக் காணொளித் தரவே போகலாம். வெறும் '>' அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் காலிக் கோப்புதான் கிடைக்கும். அம்புக்குறிக்கு முன்னால், எஸ்டிடிஎரரைக் குறிக்கும் 2 போட வேண்டும். பிழைகளை எண்ணச் சொன்னால் இன்னொரு பொறி உண்டு. ஒரே வரி தொடர்ந்து வந்தால் மென்பொருள் அதைச் சுருக்கி, 'முந்தைய செய்தி இத்தனை முறை வந்தது' என்று ஒரே வரியாகச் சொல்லிவிடும். வரிகளை எண்ணினால் கணக்குக் குறையும். அளவுக்கு முன் 'ரிப்பீட்' என்ற கொடியைக் கூட்டல் குறியுடன் சேர்த்தால் சுருக்காது. 'லெவல்' கொடியையும் சேர்த்தால் ஒவ்வொரு வரியின் அளவும் அடைப்புக்குள் வரும். தேடிப் பிரிக்க வசதி.

கோப்புப் பெயர்களை வரிவரியாக வாசிக்கும் சுழற்சிக்குள் எஃப்எஃப்எம்பெக்கை ஓட்டினால் '-நோஸ்டிடின்' (உள்ளீட்டை வாசிக்காதே என்ற தெரிவு) கட்டாயம். இல்லையென்றால் மீதிப் பெயர்களை அதுவே விழுங்கிவிடும். இது லாக் சங்கதி அல்ல, ஆனாலும் இப்படிப்பட்ட ஸ்கிரிப்டில்தான் மாட்டும்.

வெர்போஸ் அளவை ஒரு முறையாவது பொறுமையாக வாசியுங்கள். நீங்கள் கேட்காமலேயே மென்பொருள் நடுவில் செருகிய ஸ்கேல் ஃபில்டர் (படத்தின் அளவையும் வடிவத்தையும் மாற்றுவது), எந்தப் பிக்சல் வடிவம் எதுவாக மாறியது, படம், ஒலி என ஒவ்வொரு ஸ்ட்ரீமிலும் எத்தனை பாக்கெட் (தரவுத் துண்டு) வாசிக்கப்பட்டது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். நிறம் வெளிறியது ஏன் என்ற கேள்விக்கு இன்ஃபோவில் விடை கிடைக்காது. டீபக், ட்ரேஸ் இரண்டும் மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு. தேர்வுக்கு அவற்றின் பெயர் தெரிந்தால் போதும்.

திரையில் எரர் மட்டும், கோப்பில் விரிவாக என்று இரண்டும் வேண்டுமானால் '-ரிப்போர்ட்' தெரிவைப் பயன்படுத்துங்கள். நிரலின் பெயர், தேதி, நேரம் கொண்ட ஒரு லாக் கோப்பை, டீபக் அளவில், நீங்கள் நிற்கும் கோப்புறையிலேயே எழுதும். பெயரையும் அளவையும் மாற்ற 'எஃப்எஃப்ரிப்போர்ட்' என்ற சூழல் மாறி உண்டு. இந்தக் கோப்பில் நீங்கள் கொடுத்த கட்டளை முழுவதும் அப்படியே பதிவாகும். நேரலை முகவரியில் ஸ்ட்ரீம் கீ (உங்கள் நேரலைக்கான ரகசியச் சாவி) இருந்தால் அதுவும் சேர்ந்தே இருக்கும். அடுத்தவருக்கு அனுப்பும் முன் அந்தக் கீ எந்தெந்த வரியில் இருக்கிறதோ அவற்றையெல்லாம் தேடி அழித்துவிடுங்கள்.