பழைய காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நழுவும்போது

ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சினின் இரைச்சலும் ஆர்.பி.எம். முள்ளும் மட்டும் உயர்ந்து, வண்டியின் வேகம் அதற்கேற்பக் கூடாமல் இருந்தால், கியர்பாக்ஸ் நழுவுகிறது என்று கொள்ளலாம். என் பழைய காரில் இது ஏற்றங்களில் மட்டும், அதுவும் வண்டி நன்றாகச் சூடேறிய பிறகே தெரிந்தது. சமதளத்தில் எந்தக் குறையும் தெரியாததால், இன்னும் சில மாதங்கள் இப்படியே ஓட்டிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்தக் கோளாறு காத்திருக்க விடாது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் ஆயிலில் நனைந்தபடியே வேலை செய்கின்றன. பம்ப் உண்டாக்கும் ஆயில் அழுத்தம்தான் அவற்றை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்க வைக்கிறது. அழுத்தம் குறைந்தால் தட்டுகள் பிடிக்காமல் உரசுகின்றன. அந்த உரசல் தரும் சூடு ஆயிலைக் கெடுத்து, தட்டுகளின் மேற்பூச்சைக் கருக்கி, ரப்பர் சீல்களை இறுகச் செய்கிறது. இறுகிய சீல்கள் வழியே ஆயில் கசிய, அழுத்தம் மேலும் குறைகிறது. ஆகவே ஒவ்வொரு நழுவலும் அடுத்த நழுவலுக்கு வழி செய்கிறது. காரணம் தெரியும்வரை வண்டியை நிறுத்தி வைப்பதே சிறந்தது. முடியாவிட்டால் ஏற்றத்தையும் பாரத்தையுமாவது தவிர்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது ஆயில். எஞ்சின் ஆயிலைப் போலக் கியர்பாக்ஸ் ஆயில் எரிந்து குறைவதில்லை. அளவு குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது. குறைந்த ஆயிலோடு பம்ப் காற்றையும் சேர்த்து இழுப்பதால் அழுத்தம் விழுகிறது. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உள்ள பெரும்பாலான வண்டிகளில், சமதளத்தில் நிறுத்தி, கியர்பாக்ஸ் சூடேறிய பிறகு, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டு, பார்க்கில் வைத்து, எஞ்சின் ஓடும்போதே அளக்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு அளக்கச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு என்பதால், வண்டியின் கையேட்டைப் பார்க்காமல் அளப்பது வீண். அளவுக்கு மேல் ஊற்றுவதும் தவறு. சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்க, வண்டி மறுபடியும் நழுவும்.

நிறமும் வாடையும் இன்னும் அதிகம் சொல்லும். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் ஆயில்கள் புதிதில் தெளிந்த சிவப்பாக இருக்கும். பழகியபின் பழுப்பேறுவது இயல்பே. கருத்துப்போய்க் கருகிய வாடை வீசினால் தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று அஞ்ச வேண்டும். இளஞ்சிவப்புப் பால் போலக் கலங்கியிருந்தால், ரேடியேட்டருக்குள் உள்ள ஆயில் கூலரில் ஓட்டை விழுந்து கூலன்ட் கலந்திருக்கக்கூடும். அப்போது ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

அடுத்து, நழுவல் எப்போது வருகிறது என்பதைக் குறித்து வைப்பது மெக்கானிக்குக்குப் பேருதவி. ஒரே கியரில் மட்டும் நழுவினால் அந்தக் கியருக்குரிய கிளட்சையோ, பேண்டையோ (டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டை), சொலினாய்டையோ (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) சந்தேகிக்கலாம். எல்லாக் கியர்களிலும் நழுவினால் ஆயில் அளவு, ஃபில்டர், பம்ப் என்று அழுத்தத்தின் பக்கம் தேட வேண்டும். காலையில் லீவரை டிரைவுக்கு மாற்றியும் வண்டி தாமதமாக நகர்ந்தால் சீல்கள் இறுகியிருக்கலாம். கணினியால் இயங்கும் கியர்பாக்ஸ் என்றால் ஸ்கேனரில் குறியீடுகளைப் படிக்கலாம். பி0730 என்பது கியர் விகிதம் பொருந்தவில்லை என்பதைக் குறிக்கும். அது நழுவலை உறுதி செய்யுமே தவிர, காரணத்தைச் சொல்லாது. காரணத்தை நெருங்க அழுத்த அளவி வைத்துச் சோதிக்க வேண்டும்.

என் வண்டியைப் பார்த்த முதல் மெக்கானிக், கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார். ஆயிலில் கருகிய வாடை இல்லாததால் நான் வேறொருவரிடம் காட்டினேன். கூலருக்குச் செல்லும் குழாய் இணைப்பில் கசிவு இருந்தது. அடித்தட்டைக் கழற்றியபோது அதன் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை மட்டுமே ஒட்டியிருந்தது. அது வழக்கமான தேய்மானம். உலோகச் சில்லுகள் இருந்திருந்தால் கதை வேறு. குழாயையும் ஃபில்டரையும் மாற்றி, உரிய ஆயிலைச் சரியான அளவில் நிரப்பியதும் நழுவல் நின்றது.

“உரிய” என்பதை அழுத்திச் சொல்கிறேன். டெக்ஸ்ரான், மெர்கான் என ஒவ்வொரு தரத்துக்கும் உராய்வுத் தன்மை வேறு, படிப்படியான கியர்கள் இல்லாத சி.வி.டி. வகைக் கியர்பாக்ஸின் ஆயில் முற்றிலும் வேறு. வடித்து நிரப்பும்போது, எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கும் ஆயில் வெளியே வராததால், ஒருமுறை வடித்தால் ஒரு பகுதியே மாறும். கசிவை நிறுத்துவதாகச் சொல்லும் மருந்துகள் இறுகிய சீல்களைச் சற்று இளக்கலாம்; தேய்ந்த தட்டுக்கு அவையும் புது ஆயிலும் உயிர் தரா.

தட்டுகள் கருகிவிட்டன என்பது உறுதியானால் பிரித்துச் சீரமைப்பதைத் தவிர வழியில்லை. அப்போது கூலரையும் குழாய்களையும் கழுவுவார்களா, டார்க் கன்வெர்ட்டரை மாற்றுவார்களா என்று முன்கூட்டியே கேட்டு, மதிப்பீட்டுச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அவற்றில் தங்கிய பழைய துகள்கள் புதிதாகக் கோத்த கியர்பாக்ஸுக்குள்ளேயே திரும்பிப் போகும்.