இரண்டு வகைக் களிம்பு

போன மார்கழியில் ஆபீஸ் டிராயரை ஒழித்தபோது ஏழு லிப் பாம் குழாய்கள் கிடைத்தன. எல்லாம் தீர்ந்துபோனதாக நான் ஒதுக்கியவை. திருகிப் பார்த்தால் ஒவ்வொன்றின் அடியிலும் விரல் எட்டாத ஆழத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. என் இருக்கைக்கு நேர் மேலே ஏசி. பதினொரு மணிக்கெல்லாம் உதடு காய்ந்துவிடும். நாக்கால் தடவினால் இன்னும் காயும்.

பெட்ரோலியம் ஜெல்லி விஷம் என்று பயமுறுத்தும் வீடியோக்களை நான் நம்புவதில்லை. என் சண்டை அந்தக் குழாயோடு மட்டும்தான்.

அம்மாவிடம் சொன்னால், "வெண்ணெய் தடவு கண்ணு" என்பார். ஏசி அறையில் வெண்ணெய் பூசிக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்து பார்த்தேன். மோர்க்காரி போல மணத்தேன்.

எங்கள் வீடு சத்தியமங்கலத்தில். திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலேயிருந்து சில வருடம் தேன் அடையோடு வீட்டுக்கு வரும். பிழிந்து தேனை எடுத்ததும் சக்கையை அம்மா கொல்லையில் வீசிவிடுவார். இந்த முறை வீசவிடவில்லை, அதிலிருக்கும் மெழுகில் லிப் பாமை நானே செய்து பார்க்க நினைத்தேன். சக்கையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ராத்திரி முழுக்க அப்படியே வைத்தேன். காலையில் தண்ணீர் மேல் மஞ்சள் தட்டாக மெழுகு மிதந்தது. அடிப்பக்கம் ஒட்டியிருந்த கசடைக் கத்தியால் சுரண்டி, இன்னொரு முறை உருக்கி வடித்தேன். ஒரு பெரிய பாத்திரச் சக்கையில் கிடைத்தது உள்ளங்கை அளவு மெழுகு.

செய்முறை சுலபம். மெழுகு 10 கிராம், செக்குத் தேங்காய் எண்ணெய் 20, விளக்கெண்ணெய் 10. விளக்கெண்ணெய்தான் பளபளப்பு தருவது, அதிகமானால் பிசுபிசுக்கும். மூன்றையும் எவர்சில்வர் டம்ளரில் போட்டு, டம்ளரைக் கொதிக்கும் தண்ணீருக்குள் நிறுத்தினால் போதும். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், நேரடித் தீ வேண்டாம். ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஆறவைத்துத் தேய்த்துப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் எண்ணெய், வழவழவென்று ஓடினால் மெழுகு இன்னும் கொஞ்சம் சேருங்கள்.

இந்தச் சொட்டுச் சோதனையை அலட்சியம் செய்ததால்தான் முதல் சித்திரையில் மாட்டிக்கொண்டேன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே இளகிவிடுவது. மார்கழியில் சத்தியமங்கலத்தில் சரியாக இருந்த கலவை, சென்னை வெயிலில் கைப்பைக்குள் கூழாகி, ஏடிஎம் கார்டெல்லாம் மினுமினுத்தது. இப்போது வெயில் காலத்துக்கு மெழுகு 13 கிராம். ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மாற்றத்தான் வேண்டும்.

மற்ற தோல்விகளையும் சொல்லிவிடுகிறேன். நிறத்துக்குப் பீட்ரூட் சாறு ஊற்றினேன். சாறு தண்ணீர்தானே, எண்ணெயோடு சேரவே இல்லை. சிவப்பு முத்துக்களாகத் தங்கி, பத்து நாளில் பூசணம் பிடித்தது. தேனும் அப்படியே, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. லவங்கப்பட்டைத் தைலம் இரண்டு சொட்டு விட்டேன். உதடு மிளகாய் கடித்தது போல் எரிந்தது. இயற்கையானதுதான், யார் இல்லை என்றார்கள்? நிறம் வேண்டுமென்றால் எண்ணெயில் இறங்கும் சரக்காக இருக்க வேண்டும். அம்மா தலை எண்ணெயில் போடும் வேம்பாளம் பட்டை அப்படிப்பட்டது, சூடான எண்ணெயில் ஊறப்போட்டால் சிவப்பாக இறங்கும். உதட்டில் பூசுவது கொஞ்சம் வயிற்றுக்கும் போகும் என்பதால் அதை நான் கல்யாணம் காட்சிக்கு மட்டும்தான் சேர்க்கிறேன்.

டப்பா வாங்கவே இல்லை. கொலுவுக்குப் போன வீடுகளில் தாம்பூலப் பையில் கொடுத்த குங்குமச் சிமிழ்கள் அலமாரியில் ஒரு கூடை கிடந்தன. நம் வீடுகளில் இவை குட்டி போடுமோ என்று எனக்குச் சந்தேகம். அழகாக இருக்கிறதே என்று முதலில் பாட்டியின் பித்தளைச் சிமிழில்தான் ஊற்றினேன். மூன்றே வாரத்தில் விளிம்பில் பச்சை பூத்தது. தமிழில் பூசுகிற மருந்துக்கும் களிம்பு என்று பெயர், செம்பு பித்தளையில் பூக்கும் பச்சைக்கும் களிம்பு என்று பெயர். என் சிமிழில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. அத்தனையையும் வழித்துக் கொட்டிவிட்டு எவர்சில்வர் சிமிழுக்கு மாறினேன். வெந்நீரில் கழுவி, வெயிலில் ஒரு நாள் காயவைத்தால் போதும். ஈரம் இருக்கவே கூடாது.

டம்ளரை மட்டும் சிங்க்கில் கழுவிவிடாதீர்கள், மெழுகு குழாயில் போய் உறைந்துவிடும். சூடாக இருக்கும்போதே துணியால் துடைத்துவிட வேண்டும். அந்தத் துணியையும் நான் எறிவதில்லை. அரிவாள்மனையில் தேய்த்தால் துருப்பிடிக்காது.

பொங்கலுக்குப் போனபோது அம்மாவுக்கு ஒரு சிமிழ் கொடுத்தேன். அடுத்த வாரமே போன்.

"ஏங்கண்ணு, நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒரு காலுக்கே பத்தலியே."

பித்தவெடிப்புக்குப் பூசியிருக்கிறார். அடுத்த தடவை ஊறுகாய் பாட்டிலில் ஊற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.