மழைக்கு முன்: ஏற்காடு சாலையோரக் கல் தோட்டம்

செப்டம்பர் 8
கல் சுவரின் மூன்றாவது அடுக்கு முன்னால் தள்ளியிருக்கிறது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் இரண்டு அங்குலம். போன வாரம் ஒன்றரை.

செப்டம்பர் 10
பின்பக்கம் தோண்டியதும் காரணம் தெரிந்துவிட்டது. தோட்டம் முழுக்கச் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. பின்னாளில் யாரோ இடுக்குகளைச் சிமெண்ட் பூசி அடைத்திருக்கிறார்கள். சரிவில் இறங்கும் தண்ணீர் சுண்ணாம்பு வழியே கசிந்து வெளியே வந்து காய்ந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை மூடிவிட்டது. தண்ணீர் உள்ளேயே நின்று, பழைய காரை ஊறி மாவாகிவிட்டது. விரல் விட்டால் ஈர மாவு ஒட்டிக்கொண்டு வருகிறது. நல்லது என்று நினைத்துச் செய்த வேலைதான் சுவரைத் தின்றிருக்கிறது. சிமெண்டைக் கைஉளியால்தான் எடுக்க வேண்டும். மிஷின் வைத்து அறுத்தால் கல்லின் ஓரமும் சேர்ந்து போய்விடும்.

செப்டம்பர் 11
ரோட்டுக்கென்று சுவரில் இழுத்துவிட்டுப் போன சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. யாரும் வரவில்லை.

செப்டம்பர் 12
சுண்ணாம்பு நீற்ற ஆரம்பித்தாயிற்று. தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு சுட்ட சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரைத் தெளித்தால் சில கட்டி வேகாமல் நின்றுவிடும். அது பூசிய பிறகு உள்ளே வெந்து, காரையைப் பொரித்துத் தள்ளும். கொதி அடங்கியதும் சல்லடையில் வடித்து, மேலே எப்போதும் நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைக்க வேண்டும். மூன்று வாரமாவது ஊறட்டும். கடுக்காயும் வெல்லமும் தனி டிரம்மில்.

செப்டம்பர் 15
நான்காவது அடுக்கில் அரசங்கன்று. பிடுங்கினால் வேரோடு கல்லும் வரும். அடியோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

செப்டம்பர் 17
மேல் வரிசை வெள்ளைக்கல் எல்லாம் சேலத்து மாக்னசைட். காலிஃப்ளவர் மாதிரி முடிச்சு முடிச்சாக இருக்கும். இதையே சுட்டுச் சுண்ணாம்பாக்கிவிடலாமே என்று ஒருவர் சொன்னார். ஆகாது. பாத்ரூம் ஆசிட்டைத் தண்ணீர் கலந்து ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் சர்ரென்று நுரைக்கும். மாக்னசைட் பேசாமல் இருக்கும். இது வேறு கல். கீழ் அடுக்குக் கருங்கல் சேர்வராயன் மலைச் சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த இனம் என்பதால் வந்த பெயர். நனைந்தால் எண்ணெய் தடவியது போல நீலம் காட்டும். அந்தக் கறுப்பின் மேல் இந்த வெள்ளையை அடுக்கியவருக்கு என்ன கண்!

செப்டம்பர் 24
சண்டிகர் கல் தோட்டம் ரோடு இன்ஸ்பெக்டர் நேக் சந்த் 1957இல் அரசு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் தொடங்கியது. உடைந்த பீங்கான், வளையல் துண்டு, பொறுக்கிய கல். 1976இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பிற்பாடு ரோடு போட இடிக்க வந்தபோது மக்களே நின்று மறித்தார்கள்.

இங்கே யார் நிற்பார்கள்?

அக்டோபர் 3
ஒன்று ஒன்று இரண்டு: சுண்ணாம்பு, செங்கல் தூள், கழுவிய மணல். செங்கல் தூள் இல்லாவிட்டால் இந்த ஈரத்தில் இறுகாது. கலவைக்குக் கடுக்காய்த் தண்ணீர்.
பிரித்த கற்களுக்கெல்லாம் சாக்கட்டியால் நம்பர் போட்டிருந்தது, அதே இடத்தில் அதே கல். ஓரடி உயரத்துக்கு இரண்டு அங்குலம் மலைப்பக்கம் சாய்வு. நாலடிக்கு ஒரு கல் சுவரின் முழு அகலத்துக்கும் ஓட வேண்டும். பழைய சுவரில் அப்படி ஒன்றுகூட இல்லை. முதுகில் ஓரடி அகலத்துக்கு ஜல்லி, அடியில் ஐந்து வடிகுழாய்.

அக்டோபர் 5
குரங்குகள் மேல் கல் இரண்டை உருட்டிவிட்டன. ஒன்று உடைந்துவிட்டது.

அக்டோபர் 9
ஈரச்சாக்கு காலையும் மாலையும். வெயில் பட்டால் வெடிக்கும், மழை அடித்தால் கரையும். மூடுபனி இறங்கினால்தான் நிம்மதி.

அக்டோபர் 12
கோட்டுக்குப் பக்கத்தில் இன்று ஓர் எண் எழுதியிருக்கிறது. 14. மற்ற பதின்மூன்று எங்கே என்று வளைவு வரை நடந்து பார்த்தாயிற்று. மரங்கள்தான்.

அக்டோபர் 13
ராத்திரி முழுக்க மழை. தார்ப்பாய் தாங்கியது. நான்கு குழாயில் தெளிந்த தண்ணீர். ஐந்தாவதில் செம்மண் கலங்கல், கோட்டுக்கு நேர் கீழே. ஜல்லிக்குள் மண் இறங்குகிறது. விடிந்ததும் அந்த இடத்தை மட்டும் திறந்து பார்க்க வேண்டும்.