திறப்பும் சாவியும்

சென்னையில் குடியேறிய முதல் வாரத்தில், மாடி அறை பூட்டிக் கிடந்ததால் கீழே இறங்கி வந்து, வீட்டுக்கார அம்மாவிடம், "அம்மா, அறைத் திறப்பை ஒருக்கால் தாங்கோ" என்று கேட்டேன். அவர் என்னையும் மாடிப்படியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எதைத் திறக்கணும் தம்பி?" என்றார். பூட்டைத் திருகுவதுபோல் கையால் காட்டிய பிறகுதான், "ஓ, சாவியா!" என்று சிரித்தார். கூடவே, "யாழ்ப்பாணத்துக்காரங்க சுத்தத் தமிழ் பேசுறவங்களாச்சே" என்று ஒரு பாராட்டும் கிடைத்தது.

அந்தப் பாராட்டு மாலைவரைகூடத் தாங்கவில்லை. "இந்தக் கதிரையை எங்கே வைக்கிறது?" என்று நான் கேட்டபோது அவர் மறுபடியும் விழித்தார், அவருக்குத் தெரிந்தது நாற்காலி. சாவி போர்த்துக்கீச மொழியின் 'சாவே'. கதிரை அதே மொழியின் 'கதெய்ரா'. கதவைத் திறக்கும்போது நான் தமிழையும் அவர் போர்த்துக்கீசத்தையும் பேசினோம். உட்காரும்போது இருவரும் இடம் மாறிக்கொண்டோம். ஜன்னலையும் மேசையையும் அலமாரியையும் பொறுத்தவரை இரு கரைக்காரர்களும் ஒரே கடையில் கடன் வாங்கியவர்கள்தாம்.

யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் நுழைந்தால் அந்தக் கடன் இன்னும் பெரிது. விறாந்தையில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வாங்கில் (பெஞ்சில்) சற்று இருந்து, குசினிக்குள் (சமையலறைக்குள்) போய்ப் பாண் (ரொட்டி) சாப்பிடுகிறவர், ஒவ்வோர் அடியிலும் ஒரு போர்த்துக்கீசச் சொல்லைத் தொட்டுக்கொண்டுதான் போகிறார். வளவில் குழி தோண்டும் அலவாங்கும் அப்படியே. தமிழகத்தில் அதைக் கடப்பாரை என்பார்கள். எனக்கென்னவோ அலவாங்கு என்றால்தான் மண் இளகும் என்று தோன்றும்.

போர்த்துக்கீசர் யாழ்ப்பாண அரசை வீழ்த்தியது 1619இல். 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) அவர்களைத் துரத்திவிட்டார்கள். வெறும் 39 ஆண்டுகள்! அதன்பின் 1795வரை ஏறக்குறைய மூன்றரை மடங்கு காலம் ஆண்ட ஒல்லாந்தரைவிட இவர்கள் அடுக்களைவரை போனது எப்படி என்பதற்கு ஆண்டுக் கணக்கு மட்டும் விடை தராது. 1619க்கு வெகுமுன்பே பாதிரிமார் வழியாகவும் வணிகத்தின் வழியாகவும் உறவு தொடங்கிவிட்டது. மன்னார் 1560இலேயே அவர்கள் கைக்குப் போய்விட்டது. அதைவிட முக்கியமாக, ஆட்சி போன பின்னும் போர்த்துக்கீசம் கலந்த ஒரு பேச்சுமொழி துறைமுகங்களிலும் ஒல்லாந்தருடைய வீடுகளுக்குள்ளேயுமேகூடப் புழங்கி வந்தது. ஐரோப்பியக் கலப்பு வழிவந்தவர்களான மட்டக்களப்புப் பறங்கியரிடையே அந்த மொழி இன்றும் முற்றாக அழிந்துவிடவில்லை.

எனக்குப் பிடித்தது, வந்த சொற்களைத் தமிழ் தைத்துப் போட்ட விதம். 'சப்பாத்து' என்பதன் மூலம் 'சபாது' (sapato). தமிழில் உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக வரும் பகரமும் தகரமும் மெலிந்துவிடும் என்பதால், வல்லோசையைக் காப்பாற்ற இரண்டையும் இரட்டித்துக்கொண்டார்கள். போர்த்துக்கீசர் எழுத்தில் ஓகாரமாக முடிப்பதைப் பேச்சில் உகரமாகவே ஒலிப்பதால், இறுதியில் நமக்கு வேலையே இல்லை. 'மேசா', 'கதெய்ரா', 'வராந்தா' ஆகியவை மேசை, கதிரை, விறாந்தை ஆயின. வடசொல்லின் ஆகார ஈறு தமிழில் ஐகாரம் ஆகும் என்று நன்னூல் சொல்லி வைத்திருக்கிறது. சீதா சீதையான அதே வழியில் கதிரையும் வந்து உட்கார்ந்தது. பவணந்தியார் எதிர்பார்த்திருக்க முடியாத விருந்தாளி!

'ஏலம்' இன்னும் சுவையானது. மூலச்சொல்லின் தொடக்கத்தில் லகரம் உண்டு. மலையாளத்தார் அதை விடாமல் 'லேலம்' என்கிறார்கள். சொல்லின் முதலில் லகரம் வராது என்ற தொல்காப்பிய வரம்பைச் சந்தையில் கூவி விற்றவர் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அவர் நாக்கு அந்த எழுத்தை உதறிவிட்டது.

ஒல்லாந்தர் அலுவலகத்துக்குக் கந்தோரையும், பத்திரம் எழுதிச் சான்றளிப்பவருக்கு நொத்தாரிசையும் விட்டுச் சென்றார்கள். இரு கரைகளும் பகிர்ந்துகொள்ளும் கக்கூசும் அவர்களுடைய சொத்துதான். அவர்கள் மொழியில் அது மலவீடு என்று முகத்தில் அடித்தாற்போல் பொருள்படும். நாகரிகம் கருதி ஆங்கிலத்துக்குத் தாவுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

சமையலுக்கு வாங்கும் போஞ்சியும், மேசையில் இழுத்துத் திறக்கும் லாச்சியும் ஒல்லாந்தருடையவையே. இரண்டும் 'சி' என்று முடிவது தற்செயலன்று. ஒல்லாந்தர் ஒரு பொருளைச் சிறியது என்று காட்டவோ, செல்லமாகச் சொல்லவோ சொல்லின் கடைசியில் ஒட்டும் ஓர் உருபு, தமிழ் வாயில் 'சி' என்று நின்றுவிட்டது. ஆகவே போஞ்சி என்பது குட்டி அவரை. லாச்சி என்பது குட்டி இழுப்பறை.

இதை என் அம்மாவிடம் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், அலுமாரித் திறப்பைக் காணேல்லை எண்டு போன முறை தேடினாயெல்லோ? அது சின்ன லாச்சிக்குள்ளதான் கிடக்கு" என்றார்.