வென் பக்கத்தில் வில் வேண்டாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) எழுதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான ஆங்கில இலக்கணக் குறிப்பு இது. "வென் த லாரி வில் கம், வி வில் லோட் த ஃப்ரூட்" தவறு. எதிர்காலத்தைச் சொன்னாலும் வென், அண்டில், பிஃபோர், ஆஃப்டர் தொடங்கும் பாதியில் வினை நிகழ்காலத்தில்தான் நிற்கும். "வென் த லாரி கம்ஸ், வி வில் லோட் த ஃப்ரூட்." அந்தக் கடைசி 'ஸ்'ஸை விழுங்கிவிடாதீர்கள்.

ஆனால் "ஐ டோன்ட் நோ வென் த லாரி வில் கம்" சரிதான். அங்கே வென் 'எப்போது' என்று கேட்கிறது, வாக்கியங்களை இணைக்கவில்லை. விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இதையும் அடித்துத் திருத்திவிடுவார்கள், பாவம்!

ஒரே வாக்கியத்தில் ஆல்தோ போட்டால் பட் கூடாது. அன்லெஸ்ஸுக்குள்ளேயே 'இல்லை' இருக்கிறது. "அன்லெஸ் இட் ரெய்ன்ஸ், வி வில் டேப்" என்றால் மழை பெய்யாவிட்டால் ரப்பர் பால்வெட்டு உண்டு. ரெய்ன்ஸுக்குப் பதில் 'டஸ்ன்ட் ரெய்ன்' என்று எழுதினால், மழை பெய்தால்தான் பால் வெட்டுவோம் என்றாகிவிடும்.